ஹீலியம் கேஸ் ஏன் கிடைக்க மாட்டேங்குது? பாதி ரேட்டுக்கு குடுக்குற "பலூன் கேஸ்" வாங்கலாமா?

கிருஷ்ணகிரி பலூன்கடை

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துல சின்னதா பர்த்டே டெக்கரேஷன் கடை வச்சிருக்கேன், ஆறு வருஷமா இதான் பொழப்பு. ஆரம்பத்துல ஹீலியம் சிலிண்டர் கேட்டா மறுநாளே ஓசூர்ல இருந்து வண்டியில வந்துரும், இப்போ ஒரு வாரம் பத்து நாள்னு இழுக்குறாங்க, ரேட்டும் ஒவ்வொரு தடவையும் ஏத்தித்தான் சொல்றாங்க, ஏன்னு கேட்டா "வெளிநாட்டுல இருந்தே வரல, ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும்தான் முதல்ல குடுப்போம்"னு சொல்லிட்டு போனை வச்சிடுறாங்க.

போன வாரம் ஒருத்தர் டெம்போவுல ஒரு சிலிண்டர் கொண்டு வந்து இறக்கிட்டு போனார். இதுவும் பலூன் கேஸ்தான், திருவிழாவுக்கெல்லாம் நாங்கதான் சப்ளை பண்றோம், பாதி ரேட்டுன்னு சொன்னார். காசு அப்புறம் குடுங்க, யூஸ் பண்ணி பாருங்கன்னு விட்டுட்டு போயிட்டார். நான் என்கிட்ட இருக்குற ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்தேன், சேரவே இல்ல. போன் பண்ணுனா அதுக்கு வேற அடாப்டர் தரேன்னார். அங்கதான் எனக்கு மனசுல ஒரு உறுத்தல் வந்துச்சு.

வர ஞாயித்துக்கிழமை காவேரிப்பட்டணத்துல ஒரு மண்டபத்துல குழந்தைக்கு ஒரு வயசு பர்த்டே, 200 பலூன் ஆர்டர், அட்வான்ஸும் வாங்கிட்டேன். என் கையில பழைய சிலிண்டர்ல கொஞ்சம்தான் மிச்சம்.

எனக்கு தெரிய வேண்டியது ரெண்டு. இந்த ஹீலியம் எல்லாம் எங்கதான் போகுது, ஆக்ஸிஜன் மாதிரி இங்கயே ஒரு பிளான்ட் போட்டு தயார் பண்ண முடியாதா? ரெண்டாவது, இந்த டெம்போக்காரர் கேஸை நம்பி அடிக்கலாமா? கெமிஸ்ட்ரி படிச்சவங்க, கம்பெனியில வேலை பாக்குறவங்க யாராவது சொல்லுங்க.

ஓசூர் நைட்ஷிப்ட்

அண்ணா முதல்ல ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்லிடறேன், தயவு செஞ்சு அந்த சிலிண்டரை தொடாதீங்க, அடாப்டர் வாங்கி மாட்டவே மாட்டாதீங்க. உங்க ரெகுலேட்டர் ஏன் சேரலன்னு யோசிங்க. கேஸ் வெல்டிங் பட்டறையில பார்த்திருப்பீங்களே, ஆக்ஸிஜன் பக்கம் நட்டு சாதாரண மரை, அசிட்டிலீன் பக்கம் நட்டு லெஃப்ட் த்ரெட், நட்டு மேல சின்னதா வெட்டு கூட போட்டிருக்கும். எரியுற கேஸுக்கு மரையை மாத்தி வைக்கிறது தெரியாம யாரும் தப்பா மாட்டிடக் கூடாதுன்னுதான். ஹைட்ரஜனுக்கும் அதே லெஃப்ட் த்ரெட். ஹீலியம் எரியாத கேஸ், அதுக்கு வலது மரைதான். ஆக உங்ககிட்ட இருக்குறது அனேகமா ஹைட்ரஜன். சிலிண்டர் என்ன கலர்னு பாருங்க, ஹீலியத்துக்கு பழுப்பு, ஹைட்ரஜனுக்கு சிவப்பு. ஆனா பெயின்ட்டை மட்டும் நம்பாதீங்க, எவன் வேணா அடிச்சுக்கலாம்.

திருவிழாவுல நிறைய பேர் ஹைட்ரஜனை வாங்கக்கூட மாட்டாங்க, தானே தயார் பண்ணுவாங்க, பழைய சிலிண்டருக்குள்ள காஸ்டிக் சோடாவும் அலுமினிய தகடு வெட்டுன துண்டும் தண்ணியும் போட்டு மூடிடுவாங்க, உள்ள சூடு ஏறிக்கிட்டே போகும், பிரஷர் எவ்வளவு ஏறுதுன்னு பாக்க மீட்டரும் கிடையாது, காஸ்டிக் உள்பக்கம் அரிச்சு வச்சிருக்கும். அது வெடிச்சா பேப்பர்ல "ஹீலியம் சிலிண்டர் வெடித்தது"ன்னு போடுறாங்க, படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஹீலியம் எரியவே எரியாது, சிலிண்டர் அடிபட்டா பிரஷர்ல தெறிக்கலாம், ஆனா தீ பிடிக்காது. ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் கலந்தாலே போதும் தீப்பிடிக்க, 75 சதவீதம் வரைக்கும் எரியும். அதுக்கு நெருப்பு கூட வேண்டாம், நைலான் சேலை உரசுற ஸ்டாட்டிக் பொறியே போதும். பர்த்டேல கேக் மேல மத்தாப்பு மாதிரி ஒண்ணு கொளுத்துவாங்களே, குழந்தை மூஞ்சிக்கு நேரா, அதுக்கு மேலயே 200 பலூன் தொங்கும். நினைச்சுப் பாருங்க.

பலூன் பறக்குறதை வச்சு கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிராம் தூக்கும், ஹைட்ரஜன் 1.1 கிராம், கையில பிடிச்சா வித்தியாசமே தெரியாது. கொளுத்திப் பாருன்னு எவனாவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க.

இப்போ ஹீலியம் எங்க போகுதுன்னு கேட்டீங்கல்ல, ஒரு இடம் எனக்கு நல்லா தெரியும், ஏன்னா எட்டு வருஷமா தினம் அதோடதான் இருக்கேன். நான் வேலை பாக்குற கம்பெனியில வண்டிக்கு அலாய் வீல் போடுறோம், டியூப்லெஸ் டயர்ங்கிறதால காத்தை வீலேதான் பிடிச்சு வைக்கணும். அலுமினியம் வார்க்கும்போது உள்ள கண்ணுக்கு தெரியாத துளை விழும், போரோசிட்டின்னு சொல்வோம். முன்னாடி எல்லாம் காத்து அடிச்சு தண்ணித் தொட்டியில முக்கி குமிழ் வருதான்னு பார்ப்பாங்க, பஞ்சர் கடை மாதிரியே. வினாடிக்கு 1 கன மில்லிமீட்டர் காத்து லீக் ஆனா குமிழ் கண்ணுக்கு தெரியும். அதுல ஆயிரத்துல ஒரு பங்கு லீக்குன்னா அதே 1 கன மில்லிமீட்டர் வெளிய வர 17 நிமிஷம் ஆகும், யார் தண்ணியை அவ்ளோ நேரம் முறைச்சு பாக்குறது?

அதனால ஹீலியம் டெஸ்ட். வீலை சேம்பருக்குள்ள வச்சு மேல கீழ ரப்பர் சீல் இறங்கும், காத்தை எல்லாம் வேக்குவம் பம்ப் உறிஞ்சிடும், அப்புறம் ஒரு பக்கம் ஹீலியம் கலந்த கேஸை விடுவோம், இன்னொரு பக்கம் டிடெக்டர் உக்காந்து காத்திருக்கும். ஒரு துளி ஹீலியம் துளை வழியா வந்தாக்கூட கண்டுபிடிச்சிரும், பச்சை லைட் சிவப்பாயிடும், ஒரு நிமிஷத்துக்குள்ள கதை முடிஞ்சுது. ஏன் ஹீலியம்தான்னா, அணு ரொம்ப சின்னது, எந்த சந்துலயும் நுழைஞ்சிரும், எதோடையும் ஒட்டாது, எரியாது, விஷமில்ல, அதைவிட முக்கியம், நாம சுவாசிக்கிற காத்துல ஹீலியம் பத்து லட்சத்துல 5 பங்குதான் இருக்கு, அதனால டிடெக்டர் ஹீலியத்தை பார்த்துச்சுன்னா அது லீக்குல இருந்துதான் வந்திருக்கணும். இந்த மெஷினே இரண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்காக்காரன் அணுகுண்டுக்கு யுரேனியம் பிரிக்கிற ஆலையில கிலோமீட்டர் கணக்குல இருந்த பைப்ல லீக் தேட உண்டாக்குனது, ஆல்ஃபிரட் நியர்னு ஒரு விஞ்ஞானி பண்ணது. இன்னைக்கு ஏசி காயில், ஃபிரிட்ஜ், பேஸ்மேக்கர் வரைக்கும் இதே டெஸ்ட்தான்.

ஒரு தடவை நடந்ததை சொல்றேன். ஆயுத பூஜைக்கு ஷாப் முழுக்க பலூன் கட்டியிருந்தாங்க, அதுல பாதி ஹீலியம் பலூன். மறுநாள் ஷிப்ட் ஆரம்பிச்சப்ப ஸ்னிஃபர்னு கையில பிடிக்கிற துப்பாக்கி மாதிரி ஒண்ணு இருக்கும், அதை எந்த வீல் பக்கம் கொண்டு போனாலும் கத்துது. நல்ல வீல், கெட்ட வீல் எல்லாத்துக்கும் ரிஜெக்ட். மூணு மணி நேரம் மெஷினை பிரிச்சு பார்த்தோம். அப்புறம் எங்க மெயின்டனன்ஸ் அண்ணன்தான் தலையை தூக்கி மேல பார்த்தார், ராத்திரியெல்லாம் சுருங்கிப் போன பலூன் டிடெக்டருக்கு நேர் மேல தொங்கிட்டு இருக்கு, அதுல இருந்து கசிஞ்ச ஹீலியம் ஷாப் காத்துல கலந்து கிடக்கு. ஷட்டரை எல்லாம் தூக்கி ஃபேன் போட்டு அரை மணி நேரம் விட்டதும் சரியாயிடுச்சு. ரப்பர் பலூன் தோல் வழியாவே அது போயிடும்ணா, அதான் உங்க பலூன் மறுநாள் காலையில தரையில கிடக்குது.

இப்போ ரேட் ஏறுனதால எங்ககிட்டயும் சுத்தமான ஹீலியம் விடுறதில்ல, காத்தோட கலந்துதான், டெஸ்ட் முடிஞ்சதும் திரும்ப உறிஞ்சி டேங்க்ல பிடிச்சு வைக்கிறோம். சில கம்பெனி 5 சதவீதம் ஹைட்ரஜன் 95 சதவீதம் நைட்ரஜன் கலவைக்கு மாறிட்டாங்க, அந்த அளவுல அது எரியாது.

பாலக்கோடு வாத்தியார்

தம்பி ஓசூர்க்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் முதல் கேள்விக்கு வரேன், ஏன் தயார் பண்ண முடியாது. பிள்ளைங்களும் இதே கேள்விதான் கேக்கும், எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஆக்ஸிஜன் காத்துலயே 21 சதவீதம் இருக்கு, காத்தை குளிர வச்சு பிரிச்சா போச்சு. ஹீலியம் காத்துல இருக்குற கொஞ்சத்தை பிரிக்க செலவு கட்டுபடி ஆகாது. வேற பொருள்ல இருந்து ரசாயன முறையில எடுக்கலாம்னா அது எதோடையும் சேரவே சேராத தனிமம், சேர்ந்தாத்தானே பிரிக்கிறதுக்கு. அப்போ பூமியில இருக்குற ஹீலியம் எங்கிருந்து வந்துச்சு? நம்ம காலுக்கு கீழ இருந்துதான்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் வெட்டுற பாரடைசோ கிரானைட் கல்லு உங்க எல்லாருக்கும் தெரியும், எத்தனை லாரி போகுது ராத்திரியில. நம்ம ஊர் பாறை எல்லாம் ஏறக்குறைய 250 கோடி வருஷம் பழசு. இந்த மாதிரி பாறையில யுரேனியமும் தோரியமும் பத்து லட்சத்துல சில பங்குன்னு துளித்துளியா கலந்திருக்கும். அது தானா சிதையும், ஒரு யுரேனியம் 238 அணு படிப்படியா சிதைஞ்சு ஈயமா மாறுறதுக்குள்ள 8 ஆல்ஃபா துகளை வெளிய தள்ளும், தோரியம் 232 ஆனா 6. அந்த ஆல்ஃபா துகள் பக்கத்துல இருந்து ரெண்டு எலக்ட்ரானை இழுத்துக்கிச்சுன்னா அதான் ஹீலியம். வேற ஒண்ணும் இல்ல. யுரேனியத்துல பாதி சிதைய 450 கோடி வருஷம் ஆகும், தோரியத்துக்கு 1400 கோடி. அதாவது அவ்வளவு நிதானமா ஒவ்வொரு அணுவா சேர்ந்ததைத்தான் நாம ஒரு சாயங்காலத்துல பலூன்ல அடிச்சு விடுறோம்.

அப்போ நம்ம ஊர்லயே தோண்டி எடுக்கலாமேன்னு கேப்பீங்க. நம்ம பாறையும் ஹீலியம் உண்டாக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா அது வெடிப்பு வழியா கசிஞ்சு மேல வந்து காத்துல கலந்து கடைசியில பூமியை விட்டே போயிடும், அவ்ளோ லேசு, பூமியோட ஈர்ப்பு பிடிச்சு வைக்க முடியாது. கொஞ்சம் ஆழ்துளை கிணத்து தண்ணியிலயும் கரைஞ்சிருக்கும், நிலத்தடி தண்ணி எவ்வளவு வருஷம் பழசுன்னு கண்டுபிடிக்க புவியியல் ஆளுங்க அதுல இருக்குற ஹீலியத்தை அளப்பாங்க. (நம்ம மாவட்டத்து போர் தண்ணியில ஃபுளோரைடு வந்து எத்தனை பிள்ளைங்க பல்லு மஞ்சளாச்சு, அதுவும் இதே பாறை குடுத்ததுதான், ஒகேனக்கல் தண்ணி வந்த அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.) ஹீலியம் சேரணும்னா மேல உப்புப் பாறை மாதிரி கெட்டியான மூடி வேணும், கீழ கேஸ் தங்க இடம் வேணும். அந்த அமைப்பு இருக்குற இடத்துல இயற்கை எரிவாயுவோட சேர்ந்து மாட்டிக்கிச்சு. அமெரிக்கா, கத்தார், அல்ஜீரியா, ரஷ்யா, இப்படி விரல் விட்டு எண்ணுற நாடுதான். 2016ல தான்சானியாவுல பெருசா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

அது எப்படி தெரிய வந்துச்சுங்கிறதே தனிக் கதை. 1903ல அமெரிக்கா கன்சாஸ்ல டெக்ஸ்டர்னு ஒரு ஊர்ல கேஸ் கிணறு தோண்டுனாங்க, பீய்ச்சிக்கிட்டு வந்துச்சு, ஊரே கூடி கொண்டாடி தீ வச்சு பாக்கலாம்னு போனா பத்தவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த கேஸை ஆராய்ச்சி பண்ணி பார்த்தா உள்ள ஹீலியம். 1895க்கு முன்னாடி வரைக்கும் அது சூரியன்ல மட்டும் இருக்குற பொருள்னுதான் நினைச்சிருந்தாங்க. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணம் நம்ம இந்தியா மேலதான் போச்சு, பிரான்ஸ்ல இருந்து ஜான்சென் குண்டூர்ல வந்து பார்த்தார், மெட்ராஸ் வானாய்வு நிலையத்துல இருந்த போக்சன் மசூலிப்பட்டணத்துல பார்த்தார், சூரியனோட ஒளியில சோடியத்துக்கு பக்கத்துல யாருக்கும் தெரியாத ஒரு மஞ்சள் கோடு. லண்டன்ல லாக்கியரும் அதே கோட்டை பிடிச்சு புது தனிமம்னு சொன்னார், ஹீலியோஸ்னா கிரேக்கத்துல சூரியன். பூமியில அதை ராம்சே 1895லதான் பிடிச்சார், அதுவும் யுரேனியம் இருக்குற ஒரு கனிமத்துல இருந்துதான்.

இந்தியாவுலயும் முயற்சி இல்லாம இல்ல. மேற்கு வங்கத்துல வக்ரேஷ்வர் வெந்நீர் ஊத்துல குமிழ் குமிழா வர்ற கேஸ்ல ஹீலியம் இருக்கு, அதை பிடிச்சு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. நம்ம தமிழ்நாட்டுலயே மயிலாடுதுறை பக்கம் குத்தாலத்துல ஓஎன்ஜிசி எரிவாயுல இருந்து ஹீலியம் பிரிக்க சோதனை ஆலை போட்டாங்க. அருவி இருக்குற குற்றாலம் இல்ல, இது வேற. ஆனா அங்க கேஸ்ல ஹீலியம் ரொம்ப கம்மி, நம்ம தேவைக்கு இன்னமும் கப்பல்லதான் வரணும்.

கிருஷ்ணகிரி பலூன்கடை

வாத்தியார் சார், ஓசூர் தம்பி, ரெண்டு பேருக்கும் கை கூப்பிக்கிறேன். சிலிண்டரை கடையில இருந்து வெளிய எடுத்து நிழல்ல தனியா நிக்க வச்சிட்டேன், பக்கத்து டீக்கடை அடுப்பு தள்ளித்தான் இருக்கு. கலர் பழுப்புதான், ஆனா வால்வ் கழுத்துகிட்ட பெயின்ட் உரிஞ்ச இடத்துல கீழ சிவப்பு தெரியுது. வயித்தை கலக்கிடுச்சு. நேத்து என் பையன் அது மேல சாய்ஞ்சு நின்னு போன் பாத்துட்டு இருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு முதல்ல குடுப்போம்னு சப்ளையர் சொன்னாரே, ஆஸ்பத்திரியில ஹீலியத்துக்கு என்ன வேலை? அதுவும் இல்லாம பர்கூர்ல ஒரு லேபுக்கு மாசா மாசம் சிலிண்டர் போகுதுன்னார்.

மாங்கூழ் லேப்

அண்ணா, அந்த மாதிரி லேப்லதான் நானும் இருக்கேன், அதே லேபான்னு சொல்ல மாட்டேன். நம்ம ஊர் மாங்கூழ் வெளிநாட்டுக்கு போறது உங்களுக்கு தெரியும். பெங்களூரா மாங்கா சீசன்ல, மே கடைசியில இருந்து ஜூலை வரைக்கும் எங்களுக்கு தூக்கமே கிடையாது. ஐரோப்பாவுல தனியா அளவு சொல்லாத பூச்சி மருந்துக்கெல்லாம் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு, அதுக்கு மேல இருந்தா கன்டெய்னரே திரும்பிடும். அந்த துளியை கண்டுபிடிக்கிற மெஷின் பேரு ஜிசி எம்எஸ், ஜிசிங்கிற பாதி மருந்தை தனித்தனியா பிரிக்கும், எம்எஸ்ங்கிற பாதி அதை எடை போடும், அது ஓடுறதே ஹீலியத்துலதான்.

எப்படின்னா, கூழை அசிட்டோநைட்ரைல் விட்டு குலுக்கி சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி மேல தெளிஞ்சு நிக்கிறதுல ஒரு மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு சொட்டுல ஐம்பதுல ஒரு பங்கு எடுத்து மெஷின்ல குத்துவோம். உள்ள தலைமுடி மாதிரி 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் சுருட்டி வச்சிருக்கும், உள் துளை கால் மில்லிமீட்டர்தான். சூட்டுல ஆவியான மருந்தை எல்லாம் அந்த குழாய் வழியா தள்ளிக்கிட்டு போறது ஹீலியம். ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு நேரத்துக்கு வெளிய வரும், வந்ததை எடை போட்டு இது குளோர்பைரிபாஸ், இது சைபர்மெத்ரின்னு சொல்லிரும். தள்ளிட்டு போற கேஸ் மருந்தோட சேர்ந்து எதுவும் மாறிடக் கூடாதுல்ல, அதான் ஹீலியம், அதுவும் 99.999 சதவீதம் சுத்தம். பலூனுக்கு வர்ற கிரேடு எங்களுக்கு ஆகாது.

குழாய்க்குள்ள போறது நிமிஷத்துக்கு 1 மில்லி லிட்டர்தான், ஆனா இன்ஜெக்டர் பக்கம் வெளிய விடுற கேஸ்தான் அதைவிட பல மடங்கு, மெஷின் சும்மா இருக்கும்போது அதை கம்மி பண்ணி வைக்கலன்னா சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துரும். தினம் காலையில நான் பண்ற முதல் வேலை டியூன் ரிப்போர்ட்ல 18, 28, 32 பாக்குறது. 18 தண்ணி, 28 நைட்ரஜன், 32 ஆக்ஸிஜன். 28 உயரமா நின்னா எங்கயோ நட்டு லூஸ், காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம், ஸ்பேனரை எடுத்துட்டு உக்கார வேண்டியதுதான்.

ஒரு சீசன்ல ஹீலியம் வராம நாலு நாள் மெஷின் நின்னுச்சு. கூழ் டின்ல அடைச்சு ரெடி, லாரி ரெடி, ரிப்போர்ட் இல்லாம அனுப்ப முடியாது. ஆலைக்காரங்க போன்ல கத்துனதை விட, கேட்டுல மாங்கா லோடோட நின்ன விவசாயிங்க மூஞ்சிதான் இன்னும் மறக்கல, கூழ் நகராதுன்னா ஆலை மாங்கா எடுக்காது, மாங்கா காத்திருக்காது. அப்புறம்தான் பக்கத்து லேப்ல ஒரு சிலிண்டர் கடன் வாங்கி ஓட்டுனோம். ஹைட்ரஜனை வச்சும் ஜிசி ஓட்டலாம், சில லேப் மாறிட்டு இருக்காங்க, ஆனா எம்எஸ்ஸோட சேர்த்து ஓட்டும்போது சில மருந்து உள்ளயே மாறிடுது, ஒவ்வொண்ணையும் திரும்ப சரிபாக்கணும், ஒரு மாசத்துல முடியுற வேலை இல்ல.

சேலம் தர்மபுரி ஸ்கேன் சர்வீஸ்

ஆஸ்பத்திரி கேள்விக்கு நான் சொல்றேன். எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷின் சர்வீஸ் பண்றேன், தொப்பூர் கணவாய்ல வாரத்துக்கு நாலு தடவை ஏறி இறங்குவேன்.

எம்ஆர்ஐ உள்ள இருக்குறது ஒரு பெரிய காந்தம், நையோபியம் டைட்டானியம் கம்பி சுத்தியிருக்கும். அந்த கம்பியை ஏறக்குறைய மைனஸ் 264 டிகிரிக்கு கீழ கொண்டு போனா கரண்டுக்கு தடையே இல்லாம போயிடும், ஒரு தடவை கரண்ட் ஏத்திட்டா வருஷக் கணக்கா உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், வெளியில இருந்து சப்ளையே வேண்டாம். அவ்ளோ குளிருக்கு திரவ ஹீலியம் ஒண்ணுதான் வழி, அது கொதிக்கிறதே மைனஸ் 269ல. 1908ல ஹாலந்துல கமர்லிங் ஒன்னஸ் முதல் தடவை அதை திரவமாக்குனார், மூணு வருஷத்துல பாதரசத்துல இந்த தடையில்லாத கரண்டை கண்டுபிடிச்சதும் அவர்தான்.

ஒரு பழைய மாடல் மெஷின்ல 1500 லிட்டர் திரவ ஹீலியம் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானா ஏறக்குறைய 750 லிட்டர் கேஸ். கணக்கு போடுங்க, 11 லட்சம் லிட்டர். உங்க பெரிய சிலிண்டர் 47 லிட்டர், 150 பார்னா உள்ள 7000 லிட்டர், அப்போ ஒரு ஸ்கேன் மெஷின்னா 160 சிலிண்டர். இப்போ ஆவியாகுற ஹீலியத்தை மேல கோல்ட் ஹெட்னு ஒண்ணு திரும்ப திரவமாக்கி கீழ விட்டுரும், ஸ்கேன் ரூம்ல ஆளில்லாதப்பகூட "கிளுக் கிளுக்"னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதான் அது. அந்த சத்தம் நின்னா எனக்கு போன் வந்துரும். ஏப்ரல் மே மாசம் தர்மபுரி வெயில்ல சில்லர், அதாவது மெஷினை குளிர வைக்கிற யூனிட், டிரிப் ஆயிடும், கோல்ட் ஹெட் நிக்கும், ஹீலியம் லெவல் கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டியை எடுத்துட்டு ஓடியிருக்கேன்.

ரொம்ப மோசமானது குவெஞ்ச். காந்தத்துல எங்கயாவது ஒரு இடம் சூடாச்சுன்னா ஒரு நிமிஷத்துக்குள்ள மொத்த ஹீலியமும் கொதிச்சு பெரிய பைப் வழியா மொட்டை மாடிக்கு போயிடும், வெள்ளையா புகை மாதிரி நிக்கும், அவ்ளோதான், திரும்ப வராது. ஒரு இடத்துல அந்த பைப் வாயில பறவை கூடு கட்டியிருந்ததை நானே எடுத்திருக்கேன். அடைச்சிருந்தா கேஸ் ரூமுக்குள்ள வந்து ஆக்ஸிஜனை தள்ளிடும், உள்ள இருக்குறவங்களுக்கு மூச்சு நின்னுரும். அதனால இன்னொண்ணும் சொல்லிக்கிறேன் பலூன்கார அண்ணா, குரல் மாறுதுன்னு பசங்க ஹீலியத்தை உறிஞ்சுறதை விடவே விடாதீங்க, விஷமில்லதான், ஆனா நுரையீரல்ல ஆக்ஸிஜன் இருக்காது, ரெண்டு மூச்சுல ஆள் மயங்கி விழுந்துருவான், சிலிண்டர்ல நேரா வாய் வச்சா நுரையீரலே கிழிஞ்சிரும்.

புது மாடல்ல வெறும் 7 லிட்டர் ஹீலியத்தை சீல் பண்ணி வச்சிருக்கான், வாழ்நாள் பூரா நிரப்பவே வேண்டாம். ஆனா ஓடிட்டு இருக்குறதுல பெரும்பாலானது பழசுதான்.

தட்டுப்பாடு ஏன்னா, விக்கிறவன் கொஞ்ச பேரு, ஒருத்தன் கதவை சாத்தினாலும் உலகமே தடுமாறும். 2017ல கத்தாரை பக்கத்து நாடுங்க முடக்குனப்ப ரெண்டு ஆலை நின்னுச்சு, 2022 ஜனவரியில ரஷ்யாவுல அமூர் ஆலையில தீ விபத்து. வாங்கி ஸ்டாக் வைக்கலாம்னா முடியாது, கன்டெய்னர்ல வர்ற திரவ ஹீலியம் மெல்ல சூடாகி பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கும், ஒன்றரை மாசத்துக்குள்ள சேர வேண்டிய இடம் சேரணும். இதுல ராக்கெட்டுக்கும் வேணும். திரவ ஹைட்ரஜன் டேங்க் மைனஸ் 253 டிகிரி, அதை சுத்தம் பண்ண நைட்ரஜன் விட்டா உள்ளயே உறைஞ்சு கட்டியாயிடும், ஹீலியம் ஒண்ணுதான் உறையாது. 2024ல சுனிதா வில்லியம்ஸ் போன கலத்துல லீக் ஆனதும் ஹீலியம்தான்.

ஓசூர் நைட்ஷிப்ட்

அண்ணா அந்த சிவப்பு பெயின்ட் பார்த்தீங்கல்ல, இனி சந்தேகமே இல்ல. வால்வை திறக்காதீங்க, உருட்டாதீங்க, வெயில்ல வைக்காதீங்க. அந்த ஆளையே வந்து எடுக்க சொல்லுங்க, வரலன்னா 101க்கு போன் போட்டு தீயணைப்பு ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க. லைசென்ஸ் இல்லாத இடத்துல நிரப்புன சிலிண்டர் உங்க கடையில இருந்தா நாளைக்கு உங்க மேலதான் கேஸ் வரும்.

கிருஷ்ணகிரி பலூன்கடை

அப்டேட் குடுக்கறேன். அந்த ஆள் போனையே எடுக்கல, தீயணைப்பு நிலையத்துலயே போய் சொன்னேன், வந்து பாத்து எடுத்துட்டு போயிட்டாங்க. காவேரிப்பட்டணம் பார்ட்டிகிட்டயும் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன், குழந்தையோட பாட்டிதான் முதல்ல "மேல பறக்கவே வேண்டாம்பா, சுவத்துல கட்டு"ன்னாங்க. வாசல் ஆர்ச், மேடை எல்லாம் சாதா காத்து பலூன்ல பண்ணிட்டேன், ஹீலியம் குழந்தை நாற்காலி பின்னாடி 30 பலூன் மட்டும். நூலை எல்லாம் வெயிட்ல கட்டி வச்சேன், முடிஞ்சதும் யாரையும் வானத்துல விட வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், நிறைய பேர் வீட்டுக்கு எடுத்துட்டு போனாங்க.

சிலிண்டர்ல இன்னும் 20 பார் காட்டுது. வாத்தியார் சார், உங்க கிளாஸுக்கு ரெண்டு பலூன் கொண்டு வரட்டுமா, காசெல்லாம் வேண்டாம், எந்த நாள்னு மட்டும் சொல்லுங்க.

பாலக்கோடு வாத்தியார்

புதன்கிழமை மூணாவது பீரியட், எட்டாங்கிளாஸ். பலூனை கட்டாம ஒண்ணு காலியாவும் எடுத்துட்டு வாங்க, பிள்ளைங்க முதல்ல வெறும் பலூன் எடையை பார்க்கட்டும், அப்புறம் நீங்க அடிச்சு நூல்ல குண்டூசி ஒவ்வொண்ணா மாட்டி எத்தனை தூக்குதுன்னு எண்ணட்டும். லேப்ல தராசு இருக்கு. ஒரு துண்டு பாரடைசோ கல்லு நான் எடுத்து வச்சிருக்கேன், ரெண்டையும் ஒரே மேசையில வைக்கணும்.